பப்பாசி இலையும் மூன்றாம் நாளும்

காய்ச்சலுக்கு என்ன குடிக்கலாம் என்று தெஹிவளையில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கேட்காமலே சொல்வார்கள். கீழ்வீட்டு அம்மா கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்வார். காலி வீதிப் பார்மசியில் நிற்கும் பொடியன், "காய்ச்சலோடு உடம்பு உளைவும் இருக்கோ?" என்ற ஒரே கேள்வியில் நோயைத் தீர்மானித்து, இரண்டு வகைக் குளிசைகளைக் கடதாசி உறையில் போட்டுத் தருவான். பிளாட்டின் வட்ஸ்அப் குழுவில், தண்ணீர்த் தாங்கி கழுவும் அறிவித்தலுக்கும் லிப்ட் பழுதான முறைப்பாட்டுக்கும் நடுவே பப்பாசி இலைச் சாறு பிழியும் காணொளி வந்து விழும். இரவு பத்து மணிக்கு, ரொறன்ரோவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மருமகளின் குரல் பதிவு வரும்: "மாமி, இபுபுரூபன் குடுங்கோ, இங்க எல்லாரும் அதுதான் எடுக்கிறவை."

இந்த நான்கிலும் அன்புக்குக் குறைவில்லை. குறைவு இருந்திருந்தால் இவற்றை ஒதுக்கித் தள்ளுவது இலகு. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், தாயும் தகப்பனும் மட்டும் மூன்றாம் மாடியில் என்ற நிலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அங்கே இந்த வட்ஸ்அப் குழுக்கள்தான் அயல், இவைதான் ஊர். ஆகவே அவற்றில் பரிமாறப்படும் வைத்தியத்தை "மூடத்தனம்" என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவைப்பது சோம்பேறித்தனமான விமர்சனம். எது எந்த அளவுக்கு உதவுகிறது, எது எந்த இடத்தில் கொல்கிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்கு நம்மிடம் இருக்கும் மிகத் தெளிவான உரைகல் டெங்கு.

2017ஆம் ஆண்டு இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் 1,86,101 பேர். அதுவரை இந்த நாடு கண்டிராத எண்ணிக்கை அது. அந்த ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்தது. அதன்பின் கொழும்பு நகரின் குப்பையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தெருவோரங்களில் அது குவிந்து கிடந்தது. பிறகு மழை வந்தது. அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையிலும் களுபோவில போதனா வைத்தியசாலையிலும் கட்டில் கிடைப்பது அரிதாயிற்று. பப்பாசி மரம் வைத்திருந்தவர்களின் வாசலில் இலை கேட்டு ஆட்கள் நின்ற காலமும் அதுதான்.

பப்பாசி இலைக்கு நியாயமான விசாரணை கொடுப்போம். அது வெறும் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் ஆய்வுகளைப் படிக்காதவர்கள். நம் நாட்டிலேயே ஒரு குடும்ப வைத்தியர் 2008இல் ஒரு சிறு முன்னோட்ட ஆய்வை வெளியிட்டிருக்கிறார். 2013இல் மலேசியாவில் சுபேந்திரனும் அவரது குழுவினரும் 228 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று நாள் பப்பாசி இலைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். சாறு குடித்தவர்களின் குருதிச் சிறுதட்டுகள் கூடுதலாக ஏறின. இது உண்மை. இந்த உண்மையைத்தான் குழுக்கள் காவித் திரிகின்றன.

ஆனால் அந்த ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? சிறுதட்டு ஏறுமா என்ற கேள்விக்கு. டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேறு. குருதி நாளங்களின் சுவர் கசியத் தொடங்கி, குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. நாளத்தில் ஓடவேண்டியது குறைந்து, நாடித்துடிப்பு மெலிந்து, கை கால் குளிர்ந்து, நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகிறார். இந்தக் கசிவு ஒன்று, ஒன்றரை நாள், கூடினால் இரண்டு நாள் நீடிக்கும். அந்த மணித்தியாலங்களில் எவ்வளவு சேலைன், எந்த வேகத்தில் என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. குறைந்தால் அதிர்ச்சி, கூடினால் நுரையீரலில் நீர். சிறுதட்டு எண்ணிக்கை இந்தக் கட்டம் நெருங்குகிறது என்று காட்டும் அறிகுறி. அறிகுறியை ஏற்றிவிட்டால் நோய் இறங்கிவிடும் என்று யாரும் நிறுவவில்லை. சிறுதட்டு குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் முன்கூட்டியே சிறுதட்டு ஏற்றுவதைக்கூட இலங்கையின் சிகிச்சை வழிகாட்டல் பரிந்துரைப்பதில்லை.

இதைவிடக் கொடிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கசிவு பெரும்பாலும் தொடங்குவது காய்ச்சல் விடும்போது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாறாம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். உடம்பு சூடு தணிகிறது, பிள்ளை எழுந்து உட்காருகிறது, தாய் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறாள். சாறு கொடுத்த வீட்டில் அந்தப் பெருமூச்சு ஒரு செய்தியாகிக் குழுவுக்குப் போகிறது: "இரண்டு நாள் குடுத்தனாங்கள், காய்ச்சல் விட்டிட்டுது." ஆபத்து வாசலுக்கு வந்த நேரத்தில் குணமாகிவிட்டது என்ற சான்றிதழ் எழுதப்படுகிறது. பப்பாசி இலையின் குற்றம் அதன் சாற்றில் இல்லை. அது கொடுக்கும் தைரியத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு எளிய கணக்கு. 2017இல் அந்த ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேரில் இறந்தவர்கள் நானூறுக்குச் சற்று மேல். அதாவது ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று பேர். மிகுதி 997 பேரும் பிழைத்தார்கள். அவர்கள் பப்பாசி குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள், கொத்தமல்லி குடித்திருந்தாலும், வெறும் இளநீர் குடித்திருந்தாலும், ஒன்றுமே குடிக்காமல் அம்மனுக்கு நேர்ந்திருந்தாலும் பெரும்பாலானோர் பிழைத்திருப்பார்கள். தானாகவே மாறும் நோய்க்கு எந்த மருந்தும் மருந்துதான். ஆயிரம் சாட்சிகளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பேர் ஒரே திசையில் கை காட்டும்போது குழு அதை நம்பாமல் என்ன செய்யும்? மிகுதி மூன்று பேரின் வீட்டார் குழுவில் எழுதுவதில்லை. மரண அறிவித்தல் மட்டும் வரும், கைகூப்பிய படங்கள் அதன் கீழே வரிசையாக விழும். முந்தின செவ்வாய்க்கிழமை என்ன கொடுக்கச் சொன்னோம் என்று அந்த இடத்தில் யார் மேலே போய்ப் பார்ப்பார்?

குழு வைத்தியத்தின் அடிப்படைக் குறை இதுதான். அது பொய் சொல்வதைவிட, கணக்கு வைக்காமல் விடுவது பெரிது.

கணக்கு வைத்த குழுவும் உலகத்தில் உண்டு. 2008இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர், ஏ.எல்.எஸ். என்னும் நரம்புச் சிதைவு நோயை லிதியம் மெதுவாக்குகிறது என்று வெளியிட்டார்கள். மொத்தம் 44 நோயாளர், அவர்களில் லிதியம் எடுத்தவர்கள் 16 பேர். சாகப்போகிறோம் என்று தெரிந்த மனிதர்களுக்கு அந்தப் பதினாறு போதுமாயிருந்தது. அமெரிக்காவின் 'பேஷன்ட்ஸ்லைக்மீ' என்ற நோயாளர் தளத்தில் பலர் தங்கள் வைத்தியரிடம் கேட்டு லிதியம் எடுக்கத் தொடங்கினார்கள். இதுவரை நம் பப்பாசிக் கதைதான். பிறகு அவர்கள் செய்தது வேறு. எடுத்தவர்கள் தங்கள் நிலையை ஒழுங்காகப் பதிந்தார்கள். அப்படிப் பதிந்த 149 பேரை, எடுக்காத ஆனால் அதே மாதிரி நோய்ப் போக்குள்ளவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது லிதியத்தால் பயனில்லை என்று தெரிந்தது. 2011இல் அந்த முடிவு 'நேச்சர் பயோடெக்னோலஜி' இதழில் வெளிவந்தது. நோயாளர் கூடித் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே பொய்ப்பித்தார்கள். சாதாரண மனிதரின் அனுபவத்துக்கு மதிப்பில்லை என்பவர்களுக்கும், அனுபவமே போதும் என்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் வழக்கு இது.

கொவிட் காலத்தில் வேறொன்றும் நடந்தது. தொற்று நீங்கிய பிறகும் மாதக்கணக்காக மூச்சிரைப்பும் களைப்பும் போகவில்லை என்று 2020இல் முதலில் சொன்னவர்கள் நோயாளர்களே. நெடுங்கொவிட் என்று இன்று உலகம் அறியும் நிலைக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். மருத்துவ உலகம் பின்னால் வந்து சேர்ந்தது. ஆகவே கேட்பவரும் சொல்பவரும் பட்டம் இல்லாதவர்கள் என்பதே குற்றமாகாது.

திரும்ப நம் வீதிக்கு வருவோம். பப்பாசியைவிட, கொத்தமல்லியைவிட, டெங்குக் காலத்தில் உண்மையில் அஞ்சவேண்டிய அறிவுரை நோவுக் குளிசை. இபுபுரூபன், டைக்குளோபெனாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியவை டெங்குவில் குருதிப்பெருக்குக்கு வழி திறந்துவிடக் கூடியவை. சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் தொண்டை கிழியச் சொல்லும் எச்சரிக்கை இது. ரொறன்ரோ மருமகள் சொன்னது அவளுடைய ஊருக்குச் சரி. அங்கே குளிர்காலக் காய்ச்சல் பெரும்பாலும் புளூ, டெங்கு நுளம்பு கிடையாது. நுளம்பு இருக்கும் ஊருக்கு அந்த அறிவுரை வந்து சேரும்போது நஞ்சாகிறது. குரல் பதிவில் ஊர் மாறுவது தெரியாது. சாறு பிழிந்த வீட்டில் ஒரு நாள் தாமதம் ஏற்படுகிறது. குளிசை கொடுத்த வீட்டில் தாமதத்தோடு நேரடித் தீங்கும் சேர்கிறது. இருந்தும் குழுக்களில் சண்டை நடப்பது எப்போதும் பப்பாசியைப் பற்றித்தான். நாட்டு வைத்தியம் உயர்ந்ததா, இங்கிலீஷ் மருந்து உயர்ந்ததா என்று இரண்டு கட்சி கட்டிக்கொண்டு மாறி மாறி எழுதுவார்கள். அந்தச் சண்டைக்கும் நோயாளிக்கும் சம்பந்தமில்லை. ஒரு கட்சியின் சாறும் மறு கட்சியின் குளிசையும் பார்மசிக் கடதாசி உறையும் ஒரே வீட்டு மேசையில் கிடக்கும். பரசிற்றமோலும் இதற்கு விலக்கல்ல. காய்ச்சல் இறங்கவில்லை என்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு, மூன்று என்று விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்தவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு இரண்டு, நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகக்கூடாது. மிஞ்சினால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் ஈரல் தாங்காது.

இவ்வளவும் சொன்னபிறகு எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழுப் பலத்தோடு வைக்கவேண்டும். மக்கள் ஏன் கேட்கிறார்கள்?

தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு விசேட வைத்தியரைச் சனல் பண்ணினால் சில ஆயிரம் ரூபாய் போகும், மாலை ஆறு மணிக்கு என்ற இலக்கம் ஒன்பது மணிக்கு வரும், உள்ளே இருப்பது ஐந்து நிமிடம். அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு இலவசம், ஆனால் கூலிவேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். இதற்கு மேல் மொழி. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் வயிற்றுக்குள் நடக்கும் நோவை, "குத்துது" என்பதற்கும் "கடுக்குது" என்பதற்கும் இடையிலான வித்தியாசத்தை, தலைநகரின் ஒரு வார்ட்டில் விளங்கப்படுத்த ஒரு வயோதிபத் தமிழ்ப் பெண் இன்னமும் மொழிபெயர்ப்பாளராக ஒரு பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. முழுதாகக் கேட்க ஆளில்லாத இடத்தில் கேட்கும் ஆளைத் தேடி மனிதர் போவார்கள். குழு கேட்கிறது. அதிலும் தமிழில் கேட்கிறது. இந்தக் குறையைத் தீர்க்காமல் "வைத்தியரை நாடுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவது பாதி வேலை.

2022ஐ மறந்துவிடக் கூடாது. நாட்டின் மருந்துகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இறக்குமதி. டொலர் தீர்ந்தபோது மருந்தும் தீர்ந்தது. மார்ச் மாதம் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அந்தச் செய்தியைப் பார்த்து இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் தம் தூதுவரைத் தொடர்புகொள்ளச் சொன்னதாகப் பகிரங்கமாக எழுதினார். அந்த மாதங்களில் அரச மருந்தகமான ஒசுசலவில் இல்லாத மருந்து கொட்டாஞ்சேனையில் எந்தப் பார்மசியில் இரண்டு பெட்டி மிச்சம் இருக்கிறது, சென்னையிலிருந்து வரும் யாருடைய பையில் இடமிருக்கிறது, இறந்துபோன தகப்பனின் மிச்சக் குளிசை யாருக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் சொன்னவை இந்தக் குழுக்கள்தான். அரசு கைவிட்ட இடத்தில் அயல் கைகொடுத்தது. இன்றும் அவசரமாக ஓ நெகட்டிவ் குருதி வேண்டுமென்றால் அரை மணித்தியாலத்தில் ஆள் பிடிப்பது அவைதான். எந்த வைத்தியர் தமிழ் கதைப்பார், எந்த லாப் இரவு திறந்திருக்கும், எந்த வார்ட்டில் துணைக்கு நிற்க விடுவார்கள் என்ற அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இந்த வகை அறிவுரைக்கு என் தீர்ப்பு தயக்கமில்லாத பாராட்டு. பிழையாகச் சொன்னாலும் நோயாளி இழப்பது ஒரு ஓட்டோக் காசு.

குழு கெட்டுப்போவது அது அறிவுரை சொல்வதை விட்டு நம்பிக்கை வளர்க்கத் தொடங்கும்போது. 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில் ஒரு தம்பதியர் தங்கள் மூன்றாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றெடுத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் அங்கத்தவராயிருந்த ஒரு வட்ஸ்அப் குழு வழிகாட்டியது. கர்ப்ப காலத்தில் வைத்தியப் பரிசோதனைக்கே போகவில்லை. சுகாதார அலுவலர் முறையிட்டபிறகு பொலிஸ் விசாரித்தது. தாயும் பிள்ளையும் நலம். நலம் என்பதால்தான் இது கவலைக்குரியது, ஏனென்றால் அந்தக் குழுவில் அது இன்னொரு வெற்றிக் கதையாகச் சேர்ந்திருக்கும். 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்த ஒரு வீட்டில், பிள்ளை பிழைத்தது, தாய் குருதிப்பெருக்கால் இறந்தாள். அது யாருடைய வெற்றிக் கதையிலும் இல்லை. இங்கும் டெங்குக் கணக்கேதான். பெரும்பாலான பிரசவங்கள் தாமாகவே நலமாக முடியும். ஆஸ்பத்திரி தேவைப்படுவது மிச்சமுள்ள சிலவற்றுக்கு. எது அந்தச் சில என்று முன்கூட்டி எந்தக் குழுவுக்கும் தெரியாது.

அப்படியானால் அதிகாரபூர்வமானவர்கள் சொல்வதை மட்டும் கேட்டால் போதும் என்று ஒரு முடிவுக்கு வரலாமா? வரமுடியாது. நம் நாட்டு அனுபவம் அதற்கு இடம்தரவில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர், காளி அருளியதாகச் சொல்லித் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைக் கொவிட்டுக்கு மருந்தாகக் கொடுத்தார். சமூக இடைவெளி பேணவேண்டிய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்த ஊரில் முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டியவர்களில் ஒருவர் அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி. அடுத்த ஜனவரியில் அவருக்கே கொவிட் தொற்றியது. நாட்டின் சுகாதாரப் பொறுப்பைச் சுமந்தவர் கீழ்வீட்டு அம்மாவைவிடக் கவனமில்லாமல் நடந்தார் என்பதே என் மதிப்பீடு. கீழ்வீட்டு அம்மா கொத்தமல்லியோடு நிறுத்திக்கொள்கிறார், கமராவைக் கூப்பிடுவதில்லை.

வைத்தியத்தின் பெயரால் பரவும் வதந்திக்கு இன்னொரு முகமும் இந்த நாட்டில் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் தெஹிவளையில் அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு ஊனமாகும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஆண்மையை அழிக்கும் குளிசை கலக்கப்படுகிறது என்ற காணொளி பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அப்படி ஒரு குளிசையே உலகத்தில் இல்லை. அடுத்த வாரம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயலில் கண்டி மாவட்டத்துத் திகன எரிந்தது. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு ஒரு மாதம் கழித்து, ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளேடு எழுதியது. குருநாகல் வைத்தியர் சாபி சிஹாப்தீன் கைதானார். ஆதாரம் எதுவுமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. 2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளம் வந்தபோது, 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயை, நாடு மருந்தில்லாமல் தவித்த அந்த மாதங்களில், அத்தியாவசிய மருந்து வாங்கச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். வதந்தியைப் பகிர்ந்த எத்தனை விரல்கள் இந்தச் செய்தியைப் பகிர்ந்தன?

பட்டம் உள்ளவரா இல்லாதவரா, நாட்டு மருந்தா மேல்நாட்டு மருந்தா, அரசா அயலா என்ற எந்தப் பிரிவினையும் நல்ல அறிவுரையைக் கெட்டதிலிருந்து பிரித்துக் காட்டவில்லை. பிரித்துக் காட்டக்கூடியது வேறொன்று. அதை நாம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகக் கண்முன் வைத்திருக்கிறோம்.

தெஹிவளையிலிருந்து காலி வீதியில் நேரே தெற்கே போனால் களுத்துறை. 1926இல் இலங்கையின் முதலாவது பொதுச் சுகாதாரப் பிரிவு அங்கே தொடங்கியது. அந்த முறை பெற்றெடுத்த ஆள்தான் நாம் 'மிஸ்' என்று கூப்பிடும் குடும்பநல மாது. குடை, பை, பதிவேடு. அவர் வைத்தியர் அல்ல. அவர் சொல்வதும் பெரும்பாலும் வீட்டு வாசலில் நின்று சொல்லும் அறிவுரை: என்ன சாப்பிடு, எந்தக் குளிசையைத் தேநீரோடு குடிக்காதே, கால் வீங்கினால் உடனே வா. கீழ்வீட்டு அம்மா சொல்வதிலிருந்து தொனியில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று நாட்டின் பிரசவங்களில் 99 வீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடப்பதற்கும், தாய்மார் மரணத்தில் தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் நாம் நிற்பதற்கும் அந்த வாசல் அறிவுரை ஒரு பெருங்காரணம். அவர் திரும்பி வருவார். சொன்னது என்னாயிற்று என்று பார்ப்பார். பதிவேட்டில் எழுதுவார். பிழைத்தால் அவர் பெயரிலும் பிழைத்தது, இறந்தால் அவரையும் கூட்டிவைத்து விசாரிப்பார்கள். தன் எல்லை எங்கே முடிகிறது, ஆஸ்பத்திரி எங்கே தொடங்குகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

குழுவில் அறிவுரை சொல்பவருக்கு இந்த மூன்றும் இல்லை: திரும்பி வருவது, எழுதிவைப்பது, எல்லை. "பலருக்கும் பகிரவும்" என்று முடியும் செய்தியை எழுதியவர் யாரென்றே தெரியாது. "ஒரு பெரிய டொக்டர் சொன்னது" என்று தொடங்கும் குரல் பதிவில் அந்த டொக்டரின் பெயர் வராது, நாள் வராது. பிழையாகிப்போனால் கேட்க ஆளில்லை. சொன்னவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பொறுப்பில்லாத இடத்தில் நல்லவரின் வாயும் அவிழ்ந்துவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. அயல் வைத்தியத்தின் தரத்தை அதில் சேரும் பொருளை வைத்து அளக்கக்கூடாது, அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து அளக்கவேண்டும். ஒரு நோயாளியை வைத்தியரிடம் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் எந்தச் சொல்லும் நல்ல அறிவுரை, அதைச் சொன்னவர் பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தாலும். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று மனத்தைத் தளர்த்தும் எந்தச் சொல்லும் கெட்ட அறிவுரை, அதற்கு ஆதாரமாக 228 பேரின் ஆய்வு இருந்தாலும். இந்த அளவுகோலில் மருந்து தேடும் குழுவும் குருதி தேடும் குழுவும் முழுப் புள்ளி பெறுகின்றன. கொத்தமல்லி, ஆஸ்பத்திரிப் பயணத்துக்குப் பதிலாக வராதவரை, மன்னிக்கப்படுகிறது. பப்பாசி இலை தோற்கிறது. நோவுக் குளிசை சொல்லும் குரல் பதிவு, யார் சொன்னாலும், எந்த ஊரிலிருந்து வந்தாலும், குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியது.

ஒரு ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. எல்லாத் தடிமனுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் வெளிநோயாளர் பிரிவு என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2017இல் களுபோவிலவில் இடமில்லாமல் போனதும் இதன் ஒரு பகுதிதான். எல்லா நோய்க்கும் ஒரே நேர அளவு இல்லை என்பதே பதில். மூட்டு நோவுக்கு எண்ணெய் சொல்லும் அத்தையை விட்டுவிடலாம், ஒரு மாதம் பொறுத்தாலும் பெரிய இழப்பில்லை. காய்ச்சல், நெஞ்சு நோ, கர்ப்பிணியின் குருதிப்போக்கு, ஒரு பக்கம் விழுந்த வாய் ஆகியவற்றில் மணித்தியாலம்தான் மருந்து. இந்த நான்குக்கும் குழுக்களில் வைத்தியம் பேசவே கூடாது.

குழுக்களின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு வைத்தியம் எல்லாவற்றையும் தடைசெய்யவேண்டாம், தடைசெய்தாலும் நடக்காது. யாராவது காய்ச்சல் என்று எழுதினால் முதல் பதிலாக இவற்றை மட்டும் போடுங்கள். பரசிற்றமோல் தவிர வேறு நோவுக் குளிசை கொடுக்கவேண்டாம். மூன்றாம் நாள் எப்.பீ.சி. குருதிப் பரிசோதனை, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் முதல் நாளே வைத்தியர். சிவப்பு, மண்ணிற பானங்கள் வேண்டாம், வாந்தியில் குருதி வந்தால் தெரியாமல் போகும். வயிற்று நோ, விடாத வாந்தி, சலம் குறைதல், கை கால் குளிர்தல் இவற்றில் ஒன்று கண்டாலும், காய்ச்சல் விட்டிருந்தாலும், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. அடுத்த நாள் அதே குழுவில், அதே ஆளிடம், "இப்ப எப்பிடி இருக்கு?" என்று ஒருவர் கட்டாயம் கேளுங்கள்.